இசை நாடகம்: வரி முதலா, மெட்டு முதலா? மேடைக்குப் பாட்டு எழுதுவோர், இசையமைப்போர் வரவும்

#1 கீபோர்டுக்காரி

வணக்கம். சென்னையில் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு இசை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது காசிமேட்டில் நடக்கும் ஒரு முழுநீளத் தமிழ் இசை நாடகம். காட்சிக்கு நடுவில் செருகும் பாட்டு இல்லை, கதை நகர்வதே பாட்டில்தான். வரிகள் எழுதுவது என் கல்லூரித் தோழி. வசனம் எழுதுவது வேறொருவர்.

தோழி எனக்குத் தருவது முழுதாக முடிந்த பாடல்கள். பெரும்பாலும் எண்சீர் விருத்தத்தின் (அடிக்கு எட்டுச் சீர் வரும் மரபுப் பாவின்) ஓட்டம். தாளில் படித்தால் கண் கலங்குகிறது. மெட்டுக்குள் வைத்தால் நாலு பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்கிறது. இயக்குநர், "சினிமா மாதிரி நீ மெட்டைக் கொடு, அவ எழுதட்டும்" என்கிறார். பழக்கம் அப்படி என்பதற்காக ஒரு வழியை எடுக்க எனக்கு மனசில்லை.

படித்த வரைக்கும் இதில் குழப்பம்தான் கூடுகிறது. அமெரிக்க மேடை இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1919ல் பாட்டாசிரியர் லாரன்ஸ் ஹார்ட்டோடு சேர்ந்தார். இருபது வருஷத்துக்கு மேல் நீடித்த அந்தக் கூட்டில் பெரும்பாலும் மெட்டு முதல், வரி பிறகு. பிறகு ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்து 1943ல் 'ஓக்லஹோமா!' போட்டபோது வரி முதல், மெட்டு பிறகு. அதே மனிதர், இரண்டு வழி, இரண்டிலும் காலத்தைத் தாண்டி நிற்கும் பாட்டு. அப்படியானால் வரிசையில் ஒன்றும் இல்லையா? மேடையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பாட்டுநோட்டு

மேடைக்கு வரிதான் முதல். காரணம் சொல்கிறேன். சினிமாப் பாட்டை மக்கள் நூறு தடவை கேட்கிறார்கள், முதல் தடவை புரியாத வரி பத்தாவது தடவை புரிந்துவிடும். மேடையில் ஒரே ஒரு தடவை. பின்வரிசையில் இருக்கும் பெரியவர் "என்ன சொன்னா?" என்று பக்கத்தில் கேட்டுவிட்டால் அந்தப் பாட்டு அங்கேயே போயிற்று.

ஹாமர்ஸ்டைன் ஒரு பாட்டுக்கு வாரக்கணக்கில் உட்காருவார். ராட்ஜர்ஸ் அதை வாங்கி மிகக் குறைந்த நேரத்தில் மெட்டமைத்துவிடுவார். இதைக் கேட்டு இசையமைப்பாளர் வேலை சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்பே இருவரும் அந்தக் காட்சியைப் பேசித் தீர்த்திருப்பார்கள். இன்னொன்று, ஹாமர்ஸ்டைன் எழுதும்போது தனக்குள் ஏதோ ஒரு தற்காலிக மெட்டைப் பாடிக்கொண்டே எழுதுவார். அந்த மெட்டு ராட்ஜர்ஸ் காதுக்குப் போகாது. ஆனால் வரிக்குள் ஒரு மூச்சளவு வந்துவிடும். உங்கள் தோழி வாய்விட்டுப் பாடிக்கொண்டு எழுதுகிறாரா, மனசுக்குள் படித்துக்கொண்டு எழுதுகிறாரா? கேட்டுப் பாருங்கள்.

அவர் 1949ல் பாடல் எழுதும் கலையைப் பற்றி எழுதியதில் ஓர் இடம் எல்லாப் பாட்டாசிரியரும் படிக்க வேண்டியது. 'கரௌசல்' நாடகத்தில் (1945) ஒரு பாட்டை 'டாக்' என்ற சொல்லில் முடித்துவிட்டார். கடைசிச் சுரத்தை நீட்ட வேண்டிய இடத்தில் அந்த 'க்' பாடகியின் குரலை அடைத்துவிடுகிறது. அந்தப் பாட்டு எதிர்பார்த்த அளவு பரவாததற்கு அதுவே காரணமாக இருக்கும் என்று அவரே எழுதி வருந்தியிருக்கிறார்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நம் சொற்கள் ஏராளமாகக் குற்றியலுகரத்தில் முடிகின்றன: காற்று, வந்து, பாட்டு, விளக்கு. பேச்சிலேயே அரை மாத்திரையாகக் குறுகும் ஒலி அது. அதை எட்டு அட்சரம் இழுக்கச் சொன்னால் பாடுகிறவர் என்ன செய்வார்? உதட்டைக் குவித்து 'தூ' என்பார், காட்சி கெட்டுப்போகும். உங்களுக்கு இடறுகிற வரி ஒன்றை இங்கே போடுங்களேன்.

#3 கீபோர்டுக்காரி

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எந்த வரி என்று பளிச்சென்று தெரிந்துவிட்டது. மகன் கடனுக்காகப் படகை விற்கச் சொல்கிறான், அம்மா மறுக்கிறாள். பல்லவியின் முதல் வரி:

"இந்தப் படகை விற்றுவிட்டு எந்தக் கரைக்குப் போவது"

மெட்டு மேல் ஷட்ஜத்தில் (உச்ச 'ஸ'வில்) போய் நிற்கிற இடம் அந்த "போவது". சரியாக 'து'வில். அம்மாவாக நடிப்பவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் அங்கே மூச்சை விழுங்குகிறார்.

#4 தன்னானே

கோடம்பாக்கத்தில் பாடல் எழுதும் இடங்களில் உதவியாளனாக இருக்கிறேன். மெட்டு முதல் என்கிற கட்சிக்காக ஒரு வார்த்தை.

பாட்டுநோட்டு ஐயா சொன்ன சிக்கல் மெட்டு முதலில் வந்திருந்தால் எழுந்தே இருக்காது. தத்தகாரம் (மெட்டைத் 'தன்னானே' என்று சொற்கட்டாகச் சொல்வது) கையில் இருந்தால், எங்கே நெடில் வேண்டும், எங்கே ஒற்று விழ வேண்டும், எங்கே மூச்சு என்று எழுதுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். அதோடு, விருத்தத்தில் ஊறிய கைக்கு மெட்டுதான் விடுதலை. ஒரு வரி மூணு சீரில் முடிந்து, அடுத்த வரி ஏழு சீருக்கு ஓடுவது தானாக எழுதினால் வராது, மெட்டு கேட்டால்தான் வரும். கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் செய்தவர்கள். யாருக்கு முதலில் பொறி தட்டுகிறதோ அவர் கை முந்தும்.

மேடைக்கும் உதாரணம் உண்டு. நம்ம ஊர் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 2002ல் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் 'பாம்பே ட்ரீம்ஸ்' வந்தது. வரிகள் டான் பிளாக். அதில் பல மெட்டுகள் இங்கே சினிமாவில் முன்பே வாழ்ந்தவை. அவற்றின் மேல் அவர் ஆங்கில வரி எழுதினார். இரண்டு வருஷம் ஓடியது.

#5 எழும்பூர் பால்கனி

நாடக இயக்கத்தில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள்: காட்சியை எழுதுகிறவர்.

இங்கிலாந்தின் கில்பர்ட்–சல்லிவன் கூட்டை எடுங்கள், முன்னவர் பாட்டாசிரியர், பின்னவர் இசையமைப்பாளர். 1871லிருந்து 1896 வரை பதினாலு நாடகங்கள். வரி முதல், மெட்டு பிறகு. ஆனால் கில்பர்ட் பாட்டு மட்டும் எழுதவில்லை. கதையும் வசனமும் அவருடையது, மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று இயக்கியதும் அவர்தான். ஹாமர்ஸ்டைனும் பாட்டாசிரியர் மட்டுமல்ல, 'ஓக்லஹோமா!'வின் நாடகப் பிரதியும் அவர் எழுதியது. வசனம் எங்கே கொதித்துப் பாட்டாக மாறுகிறது என்பது அந்த ஒரே தலைக்குள் தெரிந்திருந்தது. அதனால்தான் 'வரி முதல்' அவர்களுக்குக் கைகொடுத்தது.

உங்கள் குழுவில் வசனம் ஒருவர், வரி ஒருவர், மெட்டு ஒருவர் என்கிறீர்கள். இந்த நிலையில் யார் முதலில் எழுதினாலும் பாட்டு காட்சிக்கு வெளியேதான் நிற்கும். தோழி தரும் நாலு பாட்டும் ஒரே மாதிரி இருப்பதற்கு விருத்தம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. காட்சி முடிந்த பிறகு அதைப் பற்றி ஒரு கவிதை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், அவர் கவிதை எழுதித் தருகிறார். அம்மா பாட ஆரம்பிக்கும்போது ஒரு மனநிலை, முடிக்கும்போது வேறொரு மனநிலை என்று அந்தப் பாட்டுக்குள் ஏதாவது நடக்கிறதா?

#6 தன்னானே

பால்கனி சார், கேள்வி சரி. ஆனால் 'மை ஃபேர் லேடி' (1956) பிரதியையும் வரிகளையும் எழுதியவர் ஆலன் ஜே லெர்னர் ஒருவரே. இருந்தாலும் ஃபிரெடரிக் லோ பெரும்பாலும் முதலில் மெட்டுப் போடுவார், லெர்னர் பிறகு வரி எழுதுவார். காட்சி எழுதியவரே வரி எழுதினால் வரி முதலில் வந்தாக வேண்டும் என்றில்லையே.

#7 எழும்பூர் பால்கனி

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் தம்பி. அவர்கள் வேலையை உற்றுப் பாருங்கள். மெட்டுக்கும் முன்னால் ஒன்று முடிவாகியிருக்கும்: பாட்டு எந்த இடத்தில், யார் பாடுவது, எதற்காக, பெரும்பாலும் பாட்டின் தலைப்பு உட்பட. அதற்குப் பிறகுதான் லோ பியானோவில் உட்காருவார். ஆக, இரண்டு வழியிலும் முதலில் வருவது காட்சியின் தேவை. அதை இருவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்களா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். இசையமைப்பாளர் ஜான் கேண்டரும் பாட்டாசிரியர் ஃபிரெட் எப்பும் 'கேபரே' (1966), 'சிகாகோ' (1975) எழுதியது ஒரே அறையில் பியானோ பக்கத்தில் உட்கார்ந்துதான். அவர்களிடம் போய் எது முதல் என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

#8 ஆர்மோனியம்

எல்லாரும் லண்டன், நியூயார்க்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. நம்ம மேடைய ஒருத்தரும் தொடல. எங்க மாமா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல ஆர்மோனியம். சின்ன வயசுல விடிய விடிய அவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன் நான். இப்ப வடபழனியில இருக்கேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்'னு எழுதினப்ப கூட இசையமைப்பாளர்னு தனியா ஒரு ஆள் கிடையாது. பழைய நாடகப் பாட்டுப் புஸ்தகத்தத் திறந்து பாருங்க. பாட்டுக்கு மேல 'வர்ணமெட்டு'ன்னு போட்டு, ஜனங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டோட முதலடி இருக்கும். பார்சி நாடகக்காரங்க கொண்டுவந்த மெட்டு, இந்துஸ்தானி மெட்டு, கீர்த்தனை மெட்டு, காவடிச் சிந்து. வாத்தியார் அதுக்கு வரி கட்டுவார். அப்ப நம்ம மேடை மெட்டு முதல் மேடைதான். ஆனா மெட்டுப் போட்டவர் யாருன்னே தெரியாது.

அப்புறம் அந்தப் பாட்ட உசுரோட கொண்டுபோறது ஆர்மோனியக்காரர். ஸ்பெஷல் நாடகத்துல வள்ளி ஒரு ஊர்ச் சங்கத்துல இருந்து வருவாங்க, முருகன் வேற ஊர். ஒத்திகை கிடையாது. மேடையிலதான் முகத்தப் பார்ப்பாங்க. ரெண்டு பேருக்கும் தர்க்கம் முத்தி, அடுத்த பாட்டு எப்ப எடுக்கணும், எத்தனை கட்டை சுருதி, எங்க நிறுத்தினா கைதட்டல் விழும், எல்லாம் எங்க மாமா விரல்லதான். பாடுறவங்க அடியை மறந்தா எடுத்துக் கொடுக்கிறதும் அவர்தான். மைக் வராத காலத்துல கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அவ்வளவு உச்சத்துல பாடினாங்கன்னா கடைசி ஆளுக்குக் கேட்கணுமே, அதுக்காக.

தங்கச்சி, உனக்கு நான் சொல்றது ஒண்ணுதான். அம்மாவா நடிக்கிறவங்க சுருதி என்னன்னு கேட்டுட்டு மெட்டுப் போட்டியா, உன் கீபோர்டுக்கு வசதியான இடத்துல போட்டியா?

#9 மாடத்தெரு

ஆர்மோனியம் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழில் பெயர் தெரிந்த கூட்டும் உண்டு, கில்பர்ட் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) 'இராம நாடகக் கீர்த்தனை' எழுதியபோது, பாடல்களுக்கு இசையமைப்பில் துணை நின்றவர்கள் அவருடைய மாணவர்கள் இருவர், சட்டநாதபுரம் வேங்கடராமய்யரும் கோதண்டராமய்யரும். அரங்கேறியது ஸ்ரீரங்கத்தில்.

இன்றைக்குக் கச்சேரிகளில் அந்தப் பாடல்களில் பலவற்றை அவர்கள் போட்ட ராகத்தில் நாம் கேட்பதில்லை. 'யாரோ இவர் யாரோ' முதலில் சாவேரி, இப்போது எல்லாரும் அறிந்தது பைரவி. மெட்டுப் போட்ட இருவர் பெயரையும் மேடையில் யாரும் சொல்வதில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். மிதிலையில் இராமனும் சீதையும் முதல் தடவை பார்த்துக்கொள்கிற காட்சியை நாடகமாக மனதில் வைத்து மெட்டுப் போட்டவர்கள் அவர்கள். நாடகம் கழன்று, பாட்டு மட்டும் சபாவுக்குப் போனபோது அந்த வேலை காணாமல் போனது.

திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எழுதியவர் உயிரோடு இல்லாத கூட்டு. ருக்மிணி தேவி 1944ல் 'குற்றாலக் குறவஞ்சி'யை எடுத்தபோது திரிகூடராசப்பக் கவிராயர் எழுதி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இசை வீணை கிருஷ்ணமாச்சாரியார். கவிராயரிடம் போய் "இந்தச் சொல்லை மாற்றித் தாருங்கள்" என்று கேட்க முடியாது. உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது, தோழி ஒரு போன் தூரத்தில்.

#10 பாட்டுநோட்டு

கீபோர்டுக்காரி, வரிக்குத் திரும்புகிறேன். அந்த அம்மா காசிமேட்டுப் பெண். கோபத்தில் "விற்றுவிட்டு" என்றோ "போவது" என்றோ சொல்வாளா? அவள் வாயில் இப்படித்தான் வரும்:

"இந்தப் படக வித்துப்புட்டு எந்தக் கரைக்குடா போவேன் நான்"

பேச்சுத் தமிழ் எழுவாயைத் தூக்கிக் கடைசியில் போடும். அப்படிப் போட்டதும் உச்சியில் 'நா' விழுகிறது. வாய் முழுதாகத் திறக்கும் நெடில், பிறகு 'ன்' மூக்கில் ரீங்கரித்து அடங்கும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

#11 உப்புக்காத்து

அந்த வரி எழுதியவள் நான்தான். இவள் இழை போட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். ஐயா, உங்கள் வரி நன்றாக இருக்கிறது. எனக்கு மறுப்பு இருக்கிறது.

'போவது' என்று நான் எழுதியது இலக்கணத்துக்காக இல்லை. அந்த அம்மா தன்னைப் பற்றி மட்டும் பேசவில்லை. படகை விற்றால் அவள் மட்டும் கரை மாறப் போவதில்லை. அந்தப் படகில் போகிற ஆட்கள், வலை பின்னுகிறவர்கள், விடியற்காலை ஏலத்தில் கூடையை எடுத்துத் தெருத் தெருவாக விற்கிற பெண்கள், அத்தனை பேரும் இருக்கிறார்கள் அந்தக் கேள்வியில். 'போவேன் நான்' என்றதும் அவள் தன் வயிற்றுக்காகக் கெஞ்சுகிறவளாக ஆகிவிடுகிறாள். மகன் அடுத்த வரியிலேயே "உன்ன நான் பாத்துக்கிறேன்மா" என்று சொல்லிவிட முடியும். பாட்டு அங்கேயே முடிந்துபோகும். மூணாவது காட்சியில் அவள் சங்கத்துக்குப் போய்ப் பேசுவதற்கு இந்தப் பாட்டுதான் வித்து.

குரலுக்காக அவளை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

#12 எழும்பூர் பால்கனி

உப்புக்காத்து, இதை நீங்கள் இசையமைப்பாளரிடம் சொன்னதுண்டா? வரியைக் கொடுக்கும்போது இந்த விளக்கத்தையும் கொடுத்திருந்தால் அவர் அந்தப் பல்லவிக்கு ஒற்றைக் குரலில் உச்சியைத் தேடியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

#13 கீபோர்டுக்காரி

இல்லை, சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு வாட்ஸப்பில் வரிதான் வந்தது, அம்மா தனியாக அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டு சோக ராகமான சுபபந்துவராளியில் போட்டேன். நேற்று ராத்திரி இவள் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு நேராக இவள் வீட்டுக்குப் போனேன். விடியும் வரை பேசினோம்.

'நான்' வேண்டாம், 'நாம' என்று முடிவானது:

"இந்தப் படக வித்துப்புட்டு எந்தக் கரைக்குடா போவோம் நாம"

மகனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறாள். உச்சியில் 'நா' கிடைக்கிறது, அவள் கெஞ்சவும் இல்லை. 'நாம' என்று சொல்லிவிட்டாளே, அப்புறம் ஒற்றைக் குரல் எதற்கு? இரண்டாம் தடவை பல்லவி வரும்போது பின்னால் கூடை சுமக்கிற பெண்கள் அந்த ஒரு சொல்லில் மட்டும் சேருகிறார்கள். சுபபந்துவராளியை எடுத்துவிட்டேன். இப்போது அதில் அழுகை குறைவு, பிடிவாதம் அதிகம். ராகம் பெயர் சொல்கிற அளவுக்குக்கூட இல்லை, நாலைந்து சுரத்தில் சுற்றும் பேச்சு. அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் மேலே ஏறுகிறது.

#14 தன்னானே

அருமை. இன்னொன்று முயன்று பாருங்கள். ஆர்தர் சல்லிவன் கையில் வரி வந்ததும் முதலில் ராகத்தைத் தேட மாட்டார், தாளக்கட்டைத்தான் முடிவு செய்வார். மெட்டு அதற்குப் பிறகு. இதை அவரே விளக்கியிருக்கிறார். கில்பர்ட்டின் அடிகள் அச்சில் அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்தில் இருக்கும். அவற்றை ஒன்றுக்கொன்று வேறாக ஒலிக்கச் செய்தது அந்தத் தாள வேலைதான். அக்காவின் விருத்தங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். 'இந்தப் படக' வேகமாக, 'வித்துப்புட்டு' உடைத்து, 'எந்தக் கரைக்குடா' முன் ஒரு வெறும் தட்டு என்று மெட்டே இல்லாமல் கையால் தட்டிப் பாருங்கள். மீதி மூணு பாட்டும் தப்பிக்கும்.

#15 எழும்பூர் பால்கனி

வேலை சூடாக இருக்கும்போதே ஒரு வறண்ட விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். 1890ல் கில்பர்ட்டும் சல்லிவனும் பிரிந்ததற்கு வரியோ மெட்டோ காரணமில்லை. அவர்கள் நாடகங்கள் நடந்த லண்டன் சவாய் அரங்கின் முன்கூடத்துக்குப் போட்ட கம்பளத்தின் செலவை யார் தலையில் எழுதுவது என்ற கணக்கு. கில்பர்ட் தயாரிப்பாளர் கார்ட்டோடு மோதினார், சல்லிவன் கார்ட் பக்கம் நின்றார், வழக்கு வரை போனது. பிறகு சேர்ந்து இரண்டு நாடகம் செய்தார்கள், ஆனால் பழைய வெற்றி வரவில்லை.

நம் சட்டத்தில் வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, தனித்தனி உரிமை. ஒருவர் மனம் வைக்காவிட்டால் மற்றவர் அந்தப் பாட்டை எங்கேயும் கொண்டுபோக முடியாது. உரிமை ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் அறுபது வருஷம் நிற்கும். வேறு குழு இந்த நாடகத்தைப் போடக் கேட்டால் யார் அனுமதி தருவது, பதிவு செய்தால் வரும்படி எப்படிப் பிரிப்பது, வசனம் எழுதியவருக்கு என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடுங்கள். தோழிகள் என்பதால்தான் சொல்கிறேன்.

#16 உப்புக்காத்து

எழுதிவிடுகிறோம் சார். வசனம் எழுதுகிறவரையும் இனிமேல் ஒத்திகைக்கு வரச் சொல்லியாயிற்று, பாட்டுக்கு முன்னால் வரும் அவருடைய ஆறு வரி வசனம் இப்போது பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முதலில் முகம் சுளித்தார், கேட்டபின் அவரே இன்னும் இரண்டு வரியை வெட்டினார்.

ஆர்மோனியம் அண்ணா, உங்களிடம் ஒரு உதவி. அம்மாவாக நடிப்பவருக்கு ஐந்து கட்டைதான் வசதி என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டோம். இவள் போட்டிருந்தது ஐந்தரை. கூடைக்காரப் பெண்களில் இரண்டு பேர் நாலரையைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள். 'நாம'வில் எல்லாரும் சேர வேண்டும். ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகரில் ஒத்திகை, வர முடியுமா?

#17 ஆர்மோனியம்

வர்றேன்மா. மாமாவோட பெட்டி எங்கிட்டதான் இருக்கு, எடுத்துட்டு வர்றேன். அஞ்சுலயே வை, அம்மாவ இறக்காத. அந்த ரெண்டு பொண்ணுங்களையும் கீழ பஞ்சமத்துல நிக்க வைப்போம்.